ரைடு சிம்பல் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரம்ஸ் படிக்க வருகிறவர்கள் முதல் ஆறு மாதம் கேட்பதெல்லாம் கையைப் பற்றிய கேள்விகள்தான். அதன்பிறகு ஏறத்தாழ எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: "செட்டோடு வந்த ரைடு தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது, என்ன வாங்கலாம்?" இருபது வருடமாக மெல்லிசை மேடையிலும் ஞாயிறுதோறும் தேவாலயத்திலும் வாசித்து, நடுவில் தப்பான சிம்பல்களுக்குப் பணத்தைக் கொட்டி அழுது, நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ரைடுக்கும் கிராஷுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் வட்டத் தட்டுதானே?

கிராஷ் ஒரு பாட்டில் பத்துத் தடவை அடிபடும். ரைடு அதே பாட்டில் சில நூறு தடவை அடிபடும். வித்தியாசம் முழுக்க இந்தக் கணக்கில் இருக்கிறது. கிராஷ் மெல்லியது, சட்டென்று வெடித்து அடங்கிவிட வேண்டும். ரைடு அகலமானது, பெரும்பாலும் தடிமனானது. அடுத்தடுத்து விழும் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

இந்த வேலையே கொஞ்சம் புதியது. 1930களின் டிரம்மர்கள் தாளத்தைக் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மிலும், ஹைஹேட் என்ற, காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பலிலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியிலும் 1940களின் தொடக்கத்திலும் கென்னி கிளார்க் என்ற ஜாஸ் டிரம்மர் தாளத்தைத் தூக்கிப் பெரிய சிம்பலின் மேல் ஓடவிட்டார். காலை எதிர்பாராத இடங்களில் அழுத்தம் கொடுக்க மட்டும் வைத்துக்கொண்டார். வலது கைக்கு ரைடு வீடானது அப்படித்தான்.

நல்ல ரைடு எப்படி ஒலிக்க வேண்டும்?

மிருதங்கம் படித்தவர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். குச்சியின் நுனி உலோகத்தைத் தொட்டதும் "டிங்" என்று ஒரு சொல் விழுகிறது. அதன் பின்னாலேயே "ஷ்ஷ்ஷ்" என்று ஓர் ஓசைப் படலம் எழுந்து மெல்லத் தேய்கிறது. அதைக் கார்வை என்று வைத்துக்கொள்வோம். டிரம்மர்கள் முதலாவதைப் பிங் என்பார்கள், இரண்டாவதை வாஷ் என்பார்கள். ரைடு தேர்வு என்பது இந்த இரண்டும் எந்த விகிதத்தில் வேண்டும் என்று முடிவு செய்வதுதான்.

கார்வை அதிகமானால், வேகமாக வாசிக்கும்போது முந்தைய அடியின் மிச்சம் அடுத்த அடியை விழுங்கிவிடும். ஒரு நிமிடம் வாசித்தால் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும். கார்வையே இல்லாவிட்டால் கொல்லன் பட்டறைக் கல்லில் தட்டுவது போல இருக்கும். பாட்டுக்கு அடியில் ஒரு விரிப்பும் இருக்காது.

புதிதாக வாங்குகிறவர்கள் சொல்லை மட்டும் கேட்டு மயங்குகிறார்கள். நானும் மயங்கினேன். கடையில் மூன்று நிமிடம் கேட்பது சொல். ஐந்து வருடம் குடித்தனம் நடத்துவது கார்வையோடு. இந்தப் பக்கத்தில் நான் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை அங்குலம் வாங்குவது?

முதல் ரைடு என்றால் 20. மறுபேச்சு இல்லாமல் சொல்வேன். எளிதில் கிடைக்கும் அளவு அது. பழையதாகவும் அதுதான் நிறையக் கிடைக்கிறது.

22 அங்குலத்தில் சுருதி இறங்கும், கார்வை நீளும், ஒலி அகன்று விரியும். மெதுவான பாடல்களுக்குச் சொர்க்கம். ஆனால் சிறிய அறையில் அது உங்களையே மூழ்கடிக்கும். 24 அங்குலம் என்பது கொஞ்சம் பிடிவாதக்காரர்களுக்கு. லெட் செப்பலின் ராக் குழுவின் ஜான் பான்ஹாம் அதை வைத்துக்கொண்டு வாசித்தார். அவர் கைக்கும் அவர்களுடைய மேடைக்கும் அது சரி. 18 அங்குல ரைடும் உண்டு. இடம் குறைவான மேடைக்கும், சத்தமில்லாமல் வாசிக்க வேண்டிய இடத்துக்கும் அது போதும்.

இன்னொரு நடைமுறை விஷயம்: சிம்பல் பைகளில் பல 22 அங்குலத்தோடு முடிந்துவிடும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி இறங்க வேண்டியவர் நீங்கள்.

எடை அவ்வளவு முக்கியமா?

அங்குலத்தைவிட முக்கியம். மெல்லிய தட்டு எளிதில் முழுவதுமாக அதிரும். அதனால் சுருதி தாழ்ந்து, கார்வை மிகுந்து ஒலிக்கும். விளிம்பில் அடித்தால் கிராஷ் போலத் திறந்துகொள்ளும். கனமான தட்டு அவ்வளவு சுலபத்தில் அசையாது. அதனால் சொல் கூர்மையாக, உயரமாக விழும். பலமாக அடித்தால் ஒழியத் திறக்காது.

சிம்பலின் மேல் தின், மீடியம், ஹெவி என்று அச்சிட்டிருப்பதை நான் அதிகம் நம்புவதில்லை. ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய ஹெவியாக இருக்கும். கிராம் கணக்குதான் நேர்மையானது. 20 அங்குல ரைடு 1,800 கிராமுக்குக் கீழே இருந்தால் மெல்லியது. 2,000 முதல் 2,300 வரை நடுத்தரம். 2,500ஐத் தாண்டினால் கனம். 22 அங்குலத்தில் 2,300ஐ ஒட்டியிருந்தால் மெல்லியது, 3,000ஐத் தாண்டினால் கனம். இவை சட்டமல்ல, கைக்கணக்கு. கையால் தட்டிச் செய்யும் மாடல் வரிசைகளில், ஒரே பெயர் ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளுக்குள்ளேயே நூறு இருநூறு கிராம் வேறுபடும். எங்கள் தெருப் பழக்கடைக்காரரின் தராசில் என் சிம்பல்கள் எல்லாம் ஏறி இறங்கியிருக்கின்றன. கிலோ என்ன விலை என்று அவர் இன்னும் கேட்கிறார்.

எடையோடு வளைவையும் பாருங்கள். மேஜையில் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தெரியும். குடை போல உயர்ந்து வளைந்தது மேல் சுருதியில் ஒலிக்கும். தட்டையானது தாழ்ந்து ஒலிக்கும்.

பி20, பி8, பித்தளை: எதை வாங்குவது?

பி20 என்பது நூற்றுக்கு எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். பி8 என்றால் செம்பு 92, வெள்ளீயம் 8. பித்தளை என்பது செம்போடு துத்தநாகம், பாத்திரத்துக்கு நல்லது. "வெண்கலக் குரல்" என்கிறோமே, யாராவது பித்தளைக் குரல் என்று பாராட்டிக் கேட்டிருக்கிறீர்களா? காரணம் காதிலேயே இருக்கிறது. பித்தளைத் தட்டு அடித்ததும் ஒலிக்கும், ஆனால் அந்த ஒலிக்கு அடுக்குகள் இல்லை. கார்வை சீக்கிரம் தட்டையாகிவிடும்.

பி20 அளவுக்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் குளிர்ந்த நிலையில் எளிதில் உடையக்கூடியது. அதனால் உருக்கி வார்த்த வில்லையைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி உருளையில் கொடுத்து விரித்து, நீரில் தோய்த்துப் பதப்படுத்தி, பிறகு சுத்தியால் தட்டி, கடைந்து முடிக்கிறார்கள். நமக்கு இந்த வித்தை அன்னியமானதல்ல. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் பெருங்கற்கால ஈமச் சின்னங்களிலும் கிடைத்த வெண்கலப் பாத்திரங்கள் சிலவற்றில் வெள்ளீயம் இருபது சதவீதத்தைத் தாண்டுகிறது. அவையும் சூட்டில் தட்டி நீரில் தோய்த்துச் செய்தவைதான். தோண்டி எடுத்த கிண்ணத்தை யாரும் குச்சியால் தட்டிப் பார்க்க விடமாட்டார்கள் என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

பி8 தகடாக உருட்டி, வட்டமாக வெட்டி எடுப்பது. செலவு குறைவு, ஒன்றுக்கொன்று ஒலி மாறாது. ஒலியில் கொஞ்சம் பளிச்சென்ற, கூசும் தன்மை இருக்கும். விலை குறைந்த வரிசைகள் பல பி8இல் வருவதால் "பி8 என்றாலே மட்டம்" என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. 1971இல் வந்த பைஸ்டி 2002 வரிசை பி8தான். மேலே சொன்ன ஜான் பான்ஹாம் வாசித்ததும் அந்த வரிசையைத்தான். உலோகம் பாதிக் கதை, தட்டிய கை மீதிக் கதை.

கையில் பணம் குறைவு என்றால் என் யோசனை இது: புதிய பித்தளை ரைடு வேண்டாம். புதிய பி8 அல்லது பி12 (வெள்ளீயம் 12 பங்கு) பரவாயில்லை. பழைய பி20 கிடைத்தால் மற்ற இரண்டையும் மறந்துவிடுங்கள்.

எந்த நிறுவனம் நல்லது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி நண்பர்களை இழந்தவர்கள் உண்டு. எனவே முதலில் கதை.

பெயர் பெற்ற சிம்பல்களில் பலவற்றின் பூர்வீகத்தைத் தோண்டினால் இஸ்தான்புல் வந்துவிடும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அவெடிஸ் என்ற ஆர்மீனிய ரசவாதி, தங்கம் செய்யப் புறப்பட்டு, நன்றாக ஒலிக்கும் வெண்கலத்தைக் கண்டுபிடித்தார் என்பது ஜில்ஜியன் குடும்பத்தார் சொல்லும் வரலாறு. ஜில்ஜியன் என்ற பெயருக்கே சிம்பல் செய்கிறவரின் வழிவந்தவர் என்று பொருள். நிறுவனம் தன் பிறந்த ஆண்டாக 1623ஐச் சொல்கிறது. 1929இல் தொழில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குப் பெயர்ந்தது. பிறகு, நம் ஊர்க் குடும்பங்களில் நடப்பதுபோலவே, அண்ணன் தம்பிக்குள் பிணக்கு. தம்பி ராபர்ட் பிரிந்துபோய் 1981இல் கனடாவில் சேபியனைத் தொடங்கினார். தன் மூன்று பிள்ளைகள் சாலி, பில், ஆண்டி ஆகியோரின் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்து அந்தப் பெயரை வைத்தார். இஸ்தான்புல்லிலேயே தங்கிவிட்ட கைவினைஞர்களின் வழியில் இன்று இஸ்தான்புல் அகோப், இஸ்தான்புல் மெஹ்மெட் என்று இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அவையும் ஒன்றாக இருந்து பிரிந்தவைதான். பைஸ்டி சுவிட்சர்லாந்தில், மைனல் ஜெர்மனியில். மைனலின் பைசான்ஸ் வரிசை மட்டும் துருக்கியில் செய்யப்படுகிறது.

இப்போது பதில்: நிறுவனத்தைவிட வரிசை முக்கியம். ஒரே முத்திரையின் கீழ் பித்தளையும் இருக்கும், பி20உம் இருக்கும். சேபியனில் எஸ்பிஆர் என்பது பித்தளை, எக்ஸ்எஸ்ஆர் பி20. ஜில்ஜியனில் எஸ் வரிசை பி12. ஏ, கே வரிசைகள் பி20. மைனலில் எச்சிஎஸ் பித்தளை, பைசான்ஸ் பி20. "ஜில்ஜியன் வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால் எந்த ஜில்ஜியன் என்று கேளுங்கள்.

ஜாஸ், ராக் என்று தனித்தனி ரைடு உண்டா?

பழக்கம் உண்டு, சட்டம் இல்லை. ஜாஸ் வாசிக்கிறவர்கள் மெல்லிய, கரகரப்பான, சுருதி தாழ்ந்த ரைடைத் தேடுவார்கள். ராக் மேடையில் கிதாரின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வர வேண்டியிருப்பதால் கனமான, பெல் (நடுவிலுள்ள குமிழ்) பெரிய ரைடு. ரஷ் குழுவின் நீல் பியர்ட் பல ஆண்டுகள் 22 அங்குல ஜில்ஜியன் பிங் ரைடு வைத்திருந்தார், பெயரே சொல்லிவிடுகிறது. இதற்கு நேர் எதிராக, பெல்லே இல்லாத தட்டை ரைடும் இருக்கிறது. கார்வை மிகக் குறைவு, மழைத்துளி மாதிரி சொல் மட்டும் விழும். சிறிய குழுவுக்கு அற்புதம், மெல்லிசை மேடைக்கு உதவாது.

மெல்லிசைக் குழுவில் ஒரே மாலையில் மெலடியும் குத்துப்பாட்டும் கவாலியும் வரும். அதற்கு நடுத்தர எடைதான் சரி.

கடையில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

முதலில், விரல் நகத்தால் சுண்டிப் பார்த்துத் தலையாட்டுவதை நிறுத்துங்கள். பானை வாங்கத்தான் அது உதவும்.

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். ஒரு கடையின் பின்பக்கத்தில் கண்ணாடி அடைத்த சின்ன அறை. சுவரெல்லாம் சிம்பல் தொங்கிக்கொண்டிருந்தது. கனமான 20 அங்குல ரைடு ஒன்றைக் கடைக்காரர் கொடுத்த தடிமனான குச்சியால் அடித்தேன். ஒவ்வோர் அடியும் வெள்ளிக்காசு விழுந்தது போலத் தெறித்தது. அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி. இரண்டாவது பாட்டில் கீபோர்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான்காவது பாட்டில் பாடகி பார்த்தார். அந்தத் தெறிப்பு மண்டபச் சுவரில் மோதி, அவருடைய குரல் நிற்கும் உயரத்திலேயே வந்து நின்றிருக்கிறது. மெதுவாக அடித்தால் கார்வையே இல்லை, பலமாக அடித்தால் ஊசி. அன்று பாதிக் கச்சேரியை ஹைஹேட்டிலேயே ஓட்டினேன்.

அதிலிருந்து நான் செய்வது இதுதான். சொந்தக் குச்சியை எடுத்துப் போவேன். ரைடைத் தோள் உயரத்தில் தொங்கவிடாமல், வாசிக்கும் உயரத்தில் ஸ்டாண்டில் மாட்டச் சொல்வேன். எடுத்ததும் பலமாக அடிக்கமாட்டேன். காதில் விழுந்தும் விழாத அளவில் தொடங்கி, ஒரே தாளத்தை இரண்டு நிமிடம் விடாமல் வாசித்தபடி மெல்ல ஏற்றுவேன். எந்த இடத்தில் கார்வை பொங்கி அடியை மூடுகிறது என்று கவனிப்பேன். நான் வழக்கமாக வாசிக்கும் பலத்துக்கு அது முன்னாலேயே வந்தால், தட்டு எனக்கு மெல்லியது. வரவேயில்லை என்றால் கனமானது. பிறகு குச்சியின் தோளால் (நுனிக்குக் கீழே சரிந்து தடிக்கும் பகுதியால்) பெல்லில் நாலு அடி, விளிம்பில் ஒரே ஓர் அடி. அந்த விளிம்பு அடி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். கடைக்காரர்களுக்குப் பிடிக்காத பகுதி இது.

அதன்பிறகுதான் முக்கியமான வேலை. கூட வந்தவரிடம் குச்சியைக் கொடுத்துவிட்டு இருபது அடி தள்ளிப் போய் நின்று கேளுங்கள். வாசிக்கிறவர் காதில் இரைச்சலாக விழும் கார்வை, தூரத்தில் பட்டுப்போல இருப்பதைக் கேட்டு ஆச்சரியப்படுவீர்கள். காதருகே இனிமையாக இருந்த சொல், தூரத்தில் கரண்டிச் சத்தமாக ஆவதும் உண்டு. கேட்க வருகிறவர்கள் உங்கள் மடியில் உட்காரப் போவதில்லை.

ஒரு நேரத்தில் இரண்டு ரைடுகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஐந்தாவது தட்டுக்கு மேல் காது பொய் சொல்லத் தொடங்கிவிடும். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பெல் ஒலி எப்படி இருக்க வேண்டும்?

பெல் என்பது நடுவிலுள்ள குமிழ். அதில் அடித்தால் மணிபோல ஒலிக்க வேண்டும், தட்டின் மற்ற பகுதியோடு ஒட்டியும் இருக்க வேண்டும். சில ரைடுகளில் பெல் மட்டும் வேறு ஊரிலிருந்து வந்ததுபோல இருக்கும். பெரிய பெல் உள்ள தட்டில் மேல் சுருதிகள் மிகும், சத்தமும் கூடும். லத்தீன் தாளங்களும் கவாலிப் பாட்டுகளும் அதிகம் வாசிப்பவர்கள் பெல்லைக் கவனித்து வாங்குங்கள். மற்றவர்களுக்கு அது ஊறுகாய்தான்.

இணையத்தில் காணொளி பார்த்து வாங்கலாமா?

சில ஊர்களில் வேறு வழியில்லை என்று தெரியும். காணொளிகளில் ஸ்டுடியோ மைக், பக்குவப்படுத்திய அறை, தேர்ந்த கை மூன்றும் சேர்ந்திருக்கும். அதனால் ஒரே காணொளியில் இரண்டு மூன்று ரைடுகளை அடுத்தடுத்து வாசித்துக் காட்டுவதை மட்டும் பாருங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடாவது உண்மையாக இருக்கும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், கார்வை முழுவதும் காணாமல் போய்விடும். எடையைக் கிராமில் எழுதியிருக்கும் விற்பனையாளருக்கு முன்னுரிமை கொடுங்கள். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

எங்கள் தேவாலயத்தில் டிரம்ஸ் சத்தம் அதிகம் என்கிறார்கள். என்ன ரைடு சரி?

கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, திரையில்லாத ஜன்னல். அந்த அறையே ஒரு பெரிய சிம்பல். அதில் கனமான ரைடை வைத்தால் வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த கதைதான். மெல்லிய அல்லது நடுத்தரத்துக்கும் கொஞ்சம் கீழான எடை, சுருதி தாழ்ந்தது, கடையாமல் கரடாக விட்ட வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கடையாத தட்டில் கார்வை சீக்கிரம் அடங்கும். டிரம்மர்கள் அதை டிரை என்பார்கள். கூடவே 7ஏ போன்ற மெல்லிய குச்சி.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புகார் பெரும்பாலும் சிம்பலைப் பற்றியதல்ல, கையைப் பற்றியது. எங்கள் தேவாலயத்தில் மூத்த அக்கா ஒருவர் பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, "தம்பி, இன்று பாட்டின் வார்த்தை எனக்குக் கேட்டது" என்று சொன்ன நாளில் நான் புதிய சிம்பல் எதுவும் கொண்டுபோகவில்லை. குச்சியை இரண்டு அங்குலம் மேலே தள்ளிப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

ரைடையே கிராஷாகவும் அடிக்கலாமா?

மெல்லியதாக இருந்தால் அடிக்கலாம், நன்றாகவே இருக்கும். கிராஷ் ரைடு என்று அதற்கெனவே செய்து விற்பதும் உண்டு. 18 அங்குல கிராஷ் ரைடு ஒன்றும் ஹைஹேட்டும் மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கச்சேரியை முடிக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். கனமான ரைடின் விளிம்பில் கிராஷ் எடுக்க முயன்றால் தட்டு திறப்பதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும்.

பழைய ரைடு வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக. டிரம் தோல் மாதிரி சிம்பல் தேய்ந்துபோவதில்லை. பல டிரம்மர்கள் பழையதன் ஒலி கனிந்திருப்பதாகவே நினைக்கிறார்கள்.

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு முழுவதும் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். எங்காவது தடுக்கினால் அங்கே விரிசல் தொடங்கியிருக்கலாம். தட்டைச் சூரியனுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தால் மயிரிழை விரிசலும் தெரியும். கடைசல் கோடுகளின் போக்கிலேயே ஓடும் விரிசல் கோட்டோடு கோடாக ஒளிந்துகொள்ளும், அங்கே இரண்டு தடவை பாருங்கள். நடுத் துளை வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் அரைபட்டுச் சாவித்துவாரம் போல நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். அரைபட்டிருந்தால் முந்தைய உரிமையாளர் பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் இரும்புத் திருகிலேயே மாட்டி வாசித்திருக்கிறார். அது மட்டும் இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். பெல்லைச் சுற்றி விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். அடித்ததும் "ஸ்ர்ர்" என்று ஈ பறப்பது போல ஓசை வந்தாலோ, கார்வை பாதியில் அறுந்தாலோ கீழே வைத்துவிடுங்கள்.

விரிசல் விட்ட ரைடைப் பற்றவைத்துச் சரிசெய்ய முடியாதா?

முடியாது. பற்றவைக்கும் சூட்டில் அந்த இடத்தின் பதம் கெட்டுவிடும். ஒலியும் போகும், பக்கத்தில் புதிதாக விரிசலும் விடும். விளிம்பில் சின்ன விரிசல் என்றால், அதன் முனையில் சிறிய துளை போட்டு மேலே ஓடாமல் நிறுத்திப் பார்க்கலாம். சில நேரம் நிற்கும், சில நேரம் துளையைத் தாண்டி ஓடும்.

குச்சியை மாற்றினால் ரைடு ஒலி மாறுமா?

சிம்பலையே மாற்றியது போல மாறும். நைலான் நுனி பளிச்சென்ற சொல்லைத் தரும். மரநுனி வெதுவெதுப்பாக, கொஞ்சம் மங்கலாக ஒலிக்கும். நுனி சிறிதாக இருந்தால் சொல் கூர்மை, பெரிதாக இருந்தால் கார்வை அதிகம். "என் ரைடு மந்தமாக இருக்கிறது" என்று வருகிறவர்களிடம் முதலில் நைலான் நுனி வைத்த 5ஏ குச்சி ஒன்றை நீட்டுவேன். பாதிப்பேர் அதோடு திரும்பிப் போய்விடுவார்கள்.

ஸ்டாண்டில் எப்படி மாட்டுவது?

பிளாஸ்டிக் குழாய் கட்டாயம். கீழே ஒரு ஃபெல்ட் (கம்பளி வளையம்), மேலே ஒரு ஃபெல்ட். மேலே உள்ள திருகை இறுக்காதீர்கள், தட்டு ஊஞ்சல் போல ஆட வேண்டும். இறுக்கினால் ஒலி செத்துவிடும், விரிசலுக்கும் நாள் குறித்ததாகிவிடும். உங்கள் பக்கம் லேசாகச் சாய்த்து, முழங்கையை உயர்த்தாமல் குச்சி எட்டும் இடத்தில் வையுங்கள். ஃபெல்ட் தொலைந்துபோனால் பழைய கம்பளித் துணியை வட்டமாக வெட்டிப் போட்டு ஓட்டலாம். நான் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

புளி போட்டுத் துலக்கலாமா?

அம்மாவின் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்கல உருளி பளபளக்கும் அதே புளி, சிம்பலின் மேல் அச்சிட்ட பெயரையும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சையும் சேர்த்துத் தின்றுவிடும். பாத்திரம் துலக்கும் பொடியும் வேண்டாம், கடைசல் கோடுகளில் போய் அடைந்துகொள்ளும்.

வாசித்து முடித்ததும் மெல்லிய துணியால் கைரேகையையும் வியர்வையையும் துடைத்தாலே போதும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. உப்புக் காற்றில் தட்டு சீக்கிரம் கறுக்கும், பச்சைக் களிம்பும் பிடிக்கும். அழுக்கு ஏறிவிட்டால் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பாத்திரச் சோப்புத் திரவம், கோடுகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்திவிடுங்கள். வெறுமனே கறுத்திருந்தால் அப்படியே விடுங்கள். கறுத்த தட்டின் ஒலி கொஞ்சம் அடங்கி இனிமையாக இருப்பதாகச் சொல்லி வேண்டுமென்றே துலக்காமல் விடுகிறவர்களில் நானும் ஒருவன்.

பளபளக்கும் ரகத்துக்கும் சாதாரண ரகத்துக்கும் ஒலியில் வேறுபாடு உண்டா?

கொஞ்சம். மேடை விளக்கில்தான் அதிகம் தெரியும்.

ரிவெட் அடித்த ரைடு வாங்கலாமா?

விளிம்புக்கு அருகே துளையிட்டு, தளர்வாக ஆடும் ஆணிகளைச் செருகியிருப்பார்கள். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் எண்ணெயில் கடுகு பொரிவது போல நீண்ட சலசலப்பு எழும். மெதுவான ஜாஸ் பாட்டில் அந்த ஓசைக்கு ஈடில்லை. ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே ரைடு என்றால் துளை போடாதீர்கள். சின்ன மணிகள் கோத்த மெல்லிய சங்கிலியை ஸ்டாண்டின் திருகிலிருந்து தட்டின் மேல் தொங்கவிட்டால் ஏறத்தாழ அதே ஒலி. பாட்டு முடிந்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கிவிட்டேன். ஒரு மாதத்தில் பிடிக்காமல் போய்விட்டது. என்ன செய்வது?

உடனே விற்காதீர்கள். முதலில் குச்சியை மாற்றுங்கள். பிறகு அடிக்கும் இடத்தை மாற்றுங்கள்: பெல்லுக்கு அருகே போனால் சொல் கூடும், விளிம்பை நோக்கி வந்தால் கார்வை கூடும். நான்கு விரற்கடைக்குள் இரண்டு வேறு சிம்பல்கள் ஒளிந்திருக்கும். அப்படியும் கார்வை மிஞ்சினால் தட்டின் அடிப்பக்கம், விளிம்புக்கும் பெல்லுக்கும் நடுவில், ஓர் அங்குலத் துணி டேப்பை ஒட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொன்று. மூன்றுக்கு மேல் ஒட்ட வேண்டியிருந்தால் தட்டு உங்களுக்கு மெல்லியது, மாற்றிவிடலாம். கார்வை போதவில்லை என்றால் மட்டும் ஒட்டுவதற்கு எதுவும் கிடையாது. அந்தக் கல்யாண மண்டபத்து ரைடை நான் கடைசியில் ராக் வாசிக்கும் கல்லூரிப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் கையில் அது நன்றாகத்தான் இருக்கிறது.